கையால வரைஞ்ச சயன்ஸ் ஃபிக்‌ஷன் காமிக்ஸ்: காட்டுறவங்களும் கருத்து சொல்றவங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்கா மகனுக்கு பதினாலு வயசு. இலங்கையில மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அவங்க லயன் (தோட்டத்து வரிசை வீடு) வாசல்ல நின்னா சிவனொளிபாதமலை நேரா தெரியும். டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் மலை ஏறுற சீசன்தானே, ராத்திரியில படி நெடுக லைட் எரியும், மலை இருட்டுல மறைஞ்சிரும், அந்த லைட் கோடு மட்டும் வானத்துக்குள்ள ஏறிப் போற மாதிரி நிக்கும். அதப் பாத்துப் பாத்துத்தான் அவனுக்கு கதை வந்துச்சு. மலை உச்சியில இருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் போகுது, மேல ஸ்டேஷன்ல தேயிலை வளக்குறாங்க, கைக்கொழுந்து எடுக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல, அதனால வேலையில இருந்து நின்னுட்ட ஒரு பாட்டிய கூப்புடுறாங்க. சீஆர் கொப்பியில 24 பக்கம், பென்சில்ல போட்டு ஜெல் பேனையால மேல இழுத்திருந்தான்.

அத அவன் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டப்ப என்ன நடந்துச்சோ அத வச்சுத்தான் இத எழுதுறேன், ஏன்னா அங்க நடந்த தப்புல பாதி அவன் செஞ்சது, மிச்சம் நாங்க பெரியவங்க செஞ்சது, அதுல ஒண்ணு நானே செஞ்சது.

மொதல்ல காட்டுறவங்க பக்கம். ராத்திரி எட்டு மணிக்கு பல்பு வெளிச்சத்துல கட்டில்ல கொப்பிய விரிச்சு வச்சு சரிவா போட்டோ எடுத்து அனுப்பிட்டான். பக்கத்துல அவன் தலை நெழலு, கொப்பி நடுவுல வளைஞ்ச எடத்துல எழுத்தெல்லாம் உள்ள போயிருச்சு, 24 போட்டோவும் முன்ன பின்ன வந்து விழுந்ததுல எது 9 எது 14ன்னு யாருக்கும் தெரியல. படிக்க முடியாததுக்கு யார் கருத்து சொல்றது? பகல்ல இஸ்தோப்புல, வீட்டு முன் திண்ணையில வச்சு எடுங்க. நம்ம ஊரு மிஸ்து, அதாவது பனிமூட்டம், மூடுன நாள் இருக்கே, துணி காயாதுன்னு திட்டுவோம், ஆனா போட்டோ எடுக்க அந்த வெளிச்சம் மாதிரி வராது, நெழலே விழாது. போனை பக்கத்துக்கு நேர் மேல பிடிங்க, பக்க நம்பர ஒவ்வொரு பக்கத்துலயும் மூலையில எழுதிருங்க. வாட்ஸ்அப்புல போட்டோவா அனுப்பினா அது அமுக்கி சின்னதாக்கிரும், டொக்யுமெண்டா அனுப்புங்க, இல்லன்னா 24 பக்கத்தையும் ஒரே பீடிஎஃப்பா ஆக்கி அனுப்புங்க. டவுனுக்கு போக முடிஞ்சா கொமினிகேஷன் கடையில ஸ்கேன் பண்ணலாம், கோட்டோவியத்துக்கு 600 டிபிஐன்னு (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) கேளுங்க, 300க்கு கொறைய வேணாம்.

தமிழ்ல காமிக்ஸ் போடுறவங்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, நம்ம எழுத்துல புள்ளி இருக்கு. அவன் கதையில ஒரு படக் கட்டத்துல ஸ்டேஷன் கதவு மூடப்போகுது, பின்னால இருந்து ஒரு ஆள் "பாட்டி!"ன்னு கத்துறான். போட்டோவுல புள்ளி காணாமப் போயி "பாடடி!"ன்னு நிக்குது. என் தங்கச்சி அதப் படிச்சிட்டு, ஏன் இந்த நேரத்துல பாட சொல்றான்னு உண்மையாவே கேட்டா. இது மாறியும் நடக்கும், கொப்பியில விழுந்த அழுக்கு போட்டோகொப்பியில புள்ளியாயிரும். அதனால புள்ளிய சும்மா பேனை நுனியால தொட்டு விடாம, நல்லா தடிச்சு வைக்கணும்.

எழுத்து விஷயத்துல இன்னொண்ணு. பலூன மொதல்ல அழகா வட்டமா வரைஞ்சிட்டு அப்புறம் வசனத்த உள்ள திணிக்கிறது, புதுசா வரையிற எல்லாருமே செய்றாங்க. இங்கிலீஷ் காமிக்ஸ்ல எல்லாத்தையும் பெரிய எழுத்துல ஒரே உயரத்துல எழுதுவாங்க, வரிக்கு வரி ஒட்டி எழுதினாலும் தாங்கும். நமக்கு மேல கொம்பு வளைவு இருக்கு, கீழ "கு" "மூ"ன்னு வால் தொங்குது, வரிக்கு நடுவுல எடம் விடலன்னா மேல் வரி வாலும் கீழ் வரி தலையும் முட்டிக்கும். சொல்லும் நீளம். "விண்வெளிக்குள்ளயிருந்து"ன்னு ஒரு சொல்ல அவன் மூணு துண்டா ஒடச்சு மூணு வரியில போட்டிருந்தான். வசனத்த மொதல்ல எழுதுங்க, அத சுத்தி பலூன் போடுங்க, மிச்ச எடத்துல ஆள வரைங்க. எடம் பத்தலன்னா வசனத்த வெட்டுங்க, எழுத்த சின்னதாக்காதீங்க. மொதல்ல பேசுறவர் பலூன் இடது பக்கம் மேல இருக்கணும். ஜப்பான் காமிக்ஸ் வலதுல இருந்து இடதுக்கு போறத நிறைய படிச்ச புள்ளைங்களுக்கு இது தலைகீழா வந்துருது, பதில் முன்ன வந்து கேள்வி பின்ன வரும்.

மை காயாம அழிறப்பர் போடுறதும் ஒரு தப்பு. மழைக்காலத்துல நம்ம பக்கம் கொப்பித் தாளே ஈரம் புடிச்சு கெடக்கும், ஜெல் மை காய நேரம் எடுக்கும். ஒரு ராத்திரி விட்டுட்டு அடுத்த நாள் அழிங்க, அவசரப்பட்டு அழிச்சு பாட்டி மூஞ்சியே கறுத்துப்போச்சு.

அப்புறம் அந்த மன்னிப்பு. "எனக்கு சரியா வரைய வராது, கை சரியில்ல, ரொக்கட் சரியில்ல, சிரிக்காதீங்க"ன்னு ஒரு நீள வொய்ஸ் மெசேஜ் போட்டுத்தான் படத்த போட்டான். இத செய்யாதீங்க. நீங்க கை சரியில்லன்னு சொன்னா படிக்கிறவங்க கையத்தான் தேடுவாங்க. கதைய விளக்கவும் வேணாம். நீங்க வாயால சொன்ன விளக்கம் தாள்ல இல்லன்னா அது கதையில இல்ல, அது இல்லன்னு உங்களுக்கு தெரியணும்னா படிக்கிறவங்கள அங்க தடுக்கி விழ விடணும். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க, "எந்தக் கட்டத்துல நின்னீங்க?" அவ்வளவுதான். முடிஞ்சா பென்சில்ல இருக்கும்போதே காட்டுங்க, மை போட்டு முடிச்ச பக்கத்துல ஒரு கட்டத்த மாத்த சொன்னா யாருக்கும் மனசு வராது.

இப்ப எங்க பக்கம். குரூப்புல வந்த பதில எண்ணிப் பாத்தேன், "சூப்பர் தம்பி", "அருமை", கைதட்டுற படம், இதுதான் முக்காவாசி. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல, ஆனா அதுல எத்தன பேரு அஞ்சாம் பக்கம் தாண்டி படிச்சாங்கன்னு அவனுக்கு தெரியும், புள்ளைங்களுக்கு அது தெரிஞ்சிரும். அடுத்த வகை, வெரல் ஆறு இருக்கு, மூக்கு கோணல்னு சொல்றவங்க. காமிக்ஸ் படிக்கிற சாமான், சித்திரப் போட்டி இல்ல. கோணல் மூக்கோட ஆளு எட்டாம் பக்கத்துலயும் அதே ஆளுன்னு தெரிஞ்சா அந்த மூக்கு அதோட வேலைய செஞ்சிருச்சு. "பன்னெண்டாம் பக்கம் மூணாவது கட்டத்துல யார் பேசுறாங்கன்னு தெரியாம ரெண்டு தரம் பாத்தேன்"னு சொல்லுங்க, பக்கம், கட்டம், உங்களுக்கு என்ன ஆச்சு, இந்த மூணும் போதும், எப்பிடி திருத்துறதுன்னு அவன் பாத்துக்குவான். புடிச்சதையும் அதே மாதிரி எடத்த காட்டி சொல்லணும். லிஃப்டுக்குள்ள ஏறுனதும் பாட்டி பழக்கத்துல கூடைக்கயித்த தலையில சரி பண்ணிக்கிறாங்க, வசனமே இல்லாத கட்டம், அத ஒருத்தரும் சொல்லல, அந்த 24 பக்கத்துல அதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம்.

சயன்ஸ் தப்ப எப்பிடி சொல்றதுங்கிறதுதான் பெரிய விஷயம். ஒரு பெரியப்பா "இதெல்லாம் நடக்குமாடா"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாரு. நடக்குமான்னு கேக்குறது கேள்வி இல்ல, கதைக்குள்ள ஒரு விதி வச்சிருக்கானே அத அவனே மீறுறானான்னு பாக்குறதுதான் கேள்வி. விண்வெளி லிஃப்டுன்னா கம்பி மேல ஒரு ஸ்டேஷன்ல போய் நிக்கணும், அந்த ஸ்டேஷன் பூமி சுத்துற வேகத்துலயே சேந்து சுத்தணும், அதுக்கு உயரம் 35,786 கிலோமீட்டர், அதுவும் பூமத்திய ரேகைக்கு நேர் மேல. சிவனொளிபாதமலை கிட்டத்தட்ட 7 பாகை வடக்க இருக்கு, கம்பி நேரா நிக்காது, தெற்குப் பக்கம் சாயும். இத நான் அவனுக்கு சொன்னப்ப மூஞ்சி சுருங்கிருச்சு, உடனே சயன்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்க பத்தி சொன்னேன். 1945லயே இந்த சுற்றுப்பாதையில சாட்டலைட் வச்சு உலகம் பூரா பேசலாம்னு எழுதுனவர், 1956ல இருந்து 2008ல சாகுற வரைக்கும் நம்ம நாட்டுலதான் இருந்தார், விண்வெளி லிஃப்ட் வச்சு அவர் எழுதுன நாவல்ல இதே மலைய மனசுல வச்சுக்கிட்டு, தீவையே 800 கிலோமீட்டர் தெற்க தள்ளி வச்சுக்கிட்டாரு. இவன் யோசிச்சிட்டு, அப்ப நான் கம்பிய சாய்வா வரையிறேன் மாமான்னான். இப்ப சீசன் லைட் கோடு மாதிரியே அதுவும் சாய்வாத்தான் நிக்குது, முன்ன இருந்தத விட நல்லாவும் இருக்கு.

அதே மாதிரி அவன் கதையில பாட்டி பத்து நிமிஷத்துல மேல போயிர்றாங்க. கணக்க போட்டுப் பாத்தா மணிக்கு கிட்டத்தட்ட 2 லட்சத்து 15 ஆயிரம் கிலோமீட்டர் வேகம். மணிக்கு 200ன்னு வச்சா ஏழரை நாள் ஆகும். அது தப்புன்னு சொல்லி விட்டுறாம, ஏழு நாள் அந்தப் பாட்டி உள்ள என்ன செய்வாங்கன்னு கேட்டேன். ரொட்டி சுட்டு கட்டிக்கிட்டு போவாங்க, மூணாவது நாள் காஞ்சு போகும், மாசிச் சம்பல் மட்டும் நல்லா இருக்கும்னு அவன் வாயில இருந்தே ஒரு புது அத்தியாயம் வந்துச்சு. மிதக்குற விஷயமும் அப்பிடித்தான். லிஃப்ட் கிளம்பி கொஞ்ச தூரத்துலயே பாட்டிய மிதக்க விட்டிருந்தான். 400 கிலோமீட்டர் உயரத்துலயும் பூமியோட இழுப்பு நூத்துக்கு 90 பங்கு கிட்ட இருக்கு, அந்த உயரத்துல சுத்துற நிஜ விண்வெளி ஸ்டேஷன்ல ஆளுங்க மிதக்குறது சுத்திக்கிட்டே விழுந்துக்கிட்டு இருக்குறதால, லிஃப்ட் கம்பியில தொங்கிக்கிட்டுல்ல இருக்கு, பாட்டி சும்மா காலூன்றி நிக்கலாம். மேல போகப் போக எடை கொறையும், உச்சி ஸ்டேஷன்லதான் மிதப்பாங்க, அங்க கொழுந்து கிள்ளி முதுகுக்கு பின்னால போட்டா கூடையில விழாது, காத்துல சுத்தும். கூடைக்கு மூடி வேணும். அந்த மூடிய யார் கண்டுபிடிக்கிறது, மேல இருக்குற இஞ்சினியரா, பாட்டியா? கருத்து சொல்றதுன்னா இப்பிடி ஒரு கதவு தொறக்கணும். அதுக்காக எல்லாத்தையும் புடிச்சு திருத்தக்கூடாது, விண்வெளியில சத்தம் கேக்காது அதனால "டமார்"னு எழுதாதேன்னு ஒருத்தர் சொன்னாரு, அந்த "டமார்" படிக்கிறவனுக்கு, அது இருக்கட்டும்.

எனக்கு கோவம் வந்த எடம் ஒண்ணு இருக்கு. படிச்ச ஒருத்தர், பேரு வேணாம், பாட்டி பேசுறத எல்லாம் திருத்தி எழுதி அனுப்பியிருந்தாரு. "பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் கூடுற எடத்துக்கு) நேரமாச்சு"ங்கிறத "பணிக்கு நேரமாகிவிட்டது"ன்னு, தண்ணி புடிக்கிற பீலிக்கரைய "நீர்நிலை"ன்னு, கடைசியில கதைய அமெரிக்காவுக்கு மாத்தினா நல்லா இருக்கும்னு வேற. எழுத்துப்பிழைய காட்டுங்க, ளகரம் லகரம் மாறுனா சொல்லுங்க. ஆனா பாட்டியோட பேச்சு பிழை இல்ல. நம்ம சனம் இருநூறு வருஷமா இந்த மலையில பேசுன பேச்சு, அது விண்வெளிக்குப் போற கதையில இருக்குறதுனாலதான் நான் அந்த கொப்பிய கீழ வைக்காம படிச்சேன்.

நான் செஞ்ச தப்பு என்னன்னா, அவன் வீட்டுக்கு போனப்ப ஆறாம் பக்கத்துல பாட்டி கைய திருத்திக் காட்டுறேன்னு அசல் தாள்லயே நீலப் பேனையால கோடு போட்டுட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல, கொப்பிய மூடிட்டான், ரெண்டு மாசம் பேனை எடுக்கலன்னு அக்கா பிறகுதான் சொன்னாங்க. அசல் தாள தொடவே கூடாது, வரைஞ்சு காட்டியே ஆகணும்னா போட்டோகொப்பியிலயோ மேல ட்ரேசிங் பேப்பர் வச்சோ காட்டுங்க, அதுவும் அவங்க கேட்டா மட்டும். அவங்கள கேக்காம ஒரு கட்டத்த வெட்டி ஸ்டேட்டஸ்ல போடுறதும் அதே கணக்குதான்.

இப்ப ஏழு நாள் அத்தியாயத்த பென்சில்ல போட்டு அனுப்பியிருக்கான், டொக்யுமெண்டா, மூலையில நம்பரோட. விளக்கம் ஒண்ணும் இல்ல. நாலாம் பக்கம் ரெண்டாவது கட்டத்துல நின்னேன், பாட்டி கண்ணாடி வழியா கீழ பாக்குறாங்க, அங்க தெரியிறது மேகமா மிஸ்தான்னு புரியல, அத இன்னைக்கு ராத்திரி அவனுக்கு எழுதணும்.