சோர்ந்துபோன ஆண்கள் ஐக்கியத்தை மீண்டும் தொடங்க ஒரு வழி

பெங்களூருவில் உங்கள் தமிழ்ச் சபையின் ஆண்கள் ஐக்கியம் (ஆண்கள் கூடி ஜெபித்து வேதம் படிக்கும் குழு) பெயரளவில் மட்டும் இருக்குமானால், சிறப்புப் பேச்சாளரை அழைத்துப் பெரிய கூட்டம் நடத்தி அதைத் தூக்கி நிறுத்த முயல வேண்டாம். ஆயரிடம் பேசி, அவருடைய ஒப்புதலோடும் ஜெபத்தோடும் மூன்று நான்கு பேராகத் தொடங்குங்கள்.

பீன்யா தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்ட் பார்ப்பவரும், ஒயிட்ஃபீல்டிலிருந்து நெரிசலில் வீடு திரும்பும் மென்பொருள் ஊழியரும் வாரநாள் மாலையில் ஆலயத்துக்கு வந்துசேர முடியாது என்பதால், சனிக்கிழமை காலை ஆறரை முதல் ஏழரை வரை கூடுவதே சிறந்தது என்பது என் கருத்து.

முதலில் புதிய ஏற்பாட்டிலுள்ள கடிதங்களில் ஒன்றான யாக்கோபு நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 5 அதிகாரங்களே உள்ளன. கோபம், நாவடக்கம், கூலி, நோயுற்றோருக்கான ஜெபம் என்று வீட்டிலும் வேலையிலும் நாம் அன்றாடம் சந்திக்கும் காரியங்களையே அது பேசுகிறது. ஒருவரே பிரசங்கிக்காமல், வந்திருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடமாவது பேசட்டும். அங்கே பேசியது வெளியே போகாது என்பதை முதல் நாளே உறுதிசெய்யுங்கள். வேலை இழந்ததையோ குடிப்பழக்கத்தையோ வாய்திறந்து சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

மாதம் ஒருமுறை கைவேலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்து வாழும் விதவைத் தாயார் ஒருவரின் வீட்டில் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்ற, ஐக்கியத்துக்கு வராத பிளம்பர் சகோதரரைப் பெயர் சொல்லி அழையுங்கள். ஜெபக் கூட்டத்துக்குத் தயங்குகிறவரும் இதற்கு மறுக்காமல் வருவார்.