உபுண்டு சர்வர் நிறுவும்போதே இரண்டு நெட்வொர்க் கார்டுகளையும் அமைத்தல்

ஒரு கார்டு அலுவலக நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும், மற்றொன்று ஸ்டோரேஜுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

நெட்வொர்க் திரையில் ஈஎன்ஓ1, ஈஎன்பி3எஸ்0 போன்ற பெயர்கள் வரும். ஈஎன்ஓ மதர்போர்டிலேயே உள்ள போர்ட். ஈஎன்பி பெரும்பாலும் ஸ்லாட்டில் செருகிய கார்டு. பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கேபிளைக் கழற்றுங்கள். எந்த வரியில் 'நாட் கனெக்டட்' என்று வருகிறதோ அதுதான் அந்தப் போர்ட். மறுபடி மாட்டிவிட்டுத் தொடருங்கள்.

இப்போது அலுவலகப் பக்கத்து ஈஎன்ஓ1-ஐத் தேர்ந்து, 'எடிட் ஐபிவி4' போய், 'மேனுவல்' என்று மாற்றுங்கள். சப்நெட்டில் (அந்த நெட்வொர்க்கின் முகவரி வரம்பு) 192.168.10.0/24, அட்ரஸில் 192.168.10.5, கேட்வேயில் (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டர்) 192.168.10.1, நேம் சர்வரில் உங்கள் டிஎன்எஸ் (தளப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றும் சர்வர்) முகவரி. பலர் தடுக்கி விழும் இடம் சப்நெட்: அங்கே 192.168.10.5/24 என்று கொடுத்தால் பிழை காட்டும். அந்தக் கட்டம் கேட்பது நெட்வொர்க்கின் முகவரி, சர்வருடையது அல்ல. அட்ரஸ் கட்டத்தில் /24 வேண்டாம்.

ஸ்டோரேஜ் பக்கத்து ஈஎன்பி3எஸ்0-க்கும் இதே வழிதான்: 10.10.20.0/24, 10.10.20.5. கேட்வேயை மட்டும் காலியாக விடுங்கள், இதுதான் முக்கியம். இரண்டிலும் கேட்வே கொடுத்தால் இரண்டு இயல்பு வழிகள் (டிஃபால்ட் ரூட்) உருவாகும். ஒரு கார்டில் வந்த கோரிக்கைக்கு மறு கார்டு வழியாகப் பதில் போகும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் அந்தப் பதிலைத் தூக்கி எறியும். பிங் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. காரணம் பிடிபடவே நாளாகும். இரண்டையும் டிஹெச்சிபியில் (முகவரியைத் தானாகப் பெறும் முறை) விட்டாலும், இரு பக்கமும் கேட்வே தரப்பட்டால் கதை அதேதான். இரண்டு கார்டுகளுக்கும் ஒரே சப்நெட்டில் முகவரி கொடுப்பதையும் தவிருங்கள்.

ஸ்டோரேஜ் பக்கம் 10.10.30.0/24 போல இன்னொரு நெட்வொர்க்கை எட்ட வேண்டுமா? அதற்கு நிறுவியில் கட்டம் கிடையாது. நிறுவிய பிறகு நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) கோப்பில், ஈஎன்பி3எஸ்0-க்குக் கீழே அங்கே போகும் வழியை ஒரு ரூட்டாகச் சேர்க்க வேண்டும். வரிகளை உள்தள்ள ஸ்பேஸ் மட்டும். டேப் அடித்தால் கோப்பு படிக்கப்படாது. 'நெட்பிளான் ட்ரை' கட்டளையால் சோதியுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பு இல்லை.

பூட் ஆகும்போது நெட்வொர்க்குக்காக இரண்டு நிமிடம் காத்து நின்றால், பெரும்பாலும் அமைத்த கார்டு ஒன்றில் கேபிள் இல்லை என்று பொருள். அந்தக் கார்டுக்கு நெட்பிளானில் 'ஆப்ஷனல்' மதிப்பை 'ட்ரூ' ஆக்குங்கள்.