சீன ராசி விலங்குத் தங்கக் காசு: முதல் காசு வாங்குபவர்களுக்கு

போன வரலட்சுமி நோன்பன்று, பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில், அத்தை என் டிராகன் காசை டப்பாவிலிருந்து எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சேகரிப்பு மதிப்பு அன்றோடு சரி.

முதல் படி, விலங்கு. சீனக் கணக்கில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விலங்கு, காசில் இருப்பது அந்த ஆண்டின் விலங்கு. எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று 12. பிரபவ முதல் அட்சய வரை நமக்கு இருப்பதுபோல் சீனர்களுக்கும் 60 ஆண்டுச் சுழற்சி உண்டு. ஆனால் அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். 2000 ஜனவரியில் பிறந்த பெண்ணுக்கு டிராகன் காசு வாங்கினால் தப்பு. அந்த டிராகன் ஆண்டு பிறந்ததே பிப்ரவரி 5-இல்தான், அவள் முயல்.

அடுத்து, யார் அடித்த காசு? சீனா 1981-இல் சேவலோடு தொடங்கியது. பிரிட்டனின் நாணயச்சாலையான ராயல் மின்ட் 2014-இல் குதிரையோடு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட். 1996 முதல் அடிக்கிறார்கள், 2020-இல் 12 விலங்குகளின் மூன்றாவது வரிசை தொடங்கியது. தூய்மை 99.99 சதவீதம். சின்ன அளவிலும் கிடைக்கும்.

இனி கணக்கு, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தங்க அவுன்ஸ் என்றால் 31.1 கிராம், சமையல் அவுன்ஸ் அல்ல. பத்தில் ஒரு அவுன்ஸ் காசு 3.11 கிராம், அரைச் சவரனுக்கும் குறைவு. அதை அன்றைய 24 கேரட் ரேட்டால் பெருக்குங்கள். நகைக்கடைகள் பெரிதாக விளம்பரப்படுத்துவது பெரும்பாலும் 22 கேரட் ரேட், அதை எடுக்காதீர்கள். 3 சதவீத ஜிஎஸ்டியையும் சேருங்கள். விற்பவர் அதற்கு மேல் கேட்பதெல்லாம் அந்த விலங்குக்கான விலை. காசு சிறியதாக ஆக, கிராமுக்கு அந்தக் கூடுதல் ஏறும்.

அந்தக் கூடுதலை நகரத்பேட்டையில் நான் ஏறி இறங்கிய எந்த நகைக்கடையும் திருப்பித் தரவில்லை. அவர்களுக்கு எடைதான் கணக்கு. விற்பதென்றால் இன்னொரு சேகரிப்பாளரிடம் போங்கள். முக்கியமாக, "உரைத்துப் பார்க்கிறேன்" என்று உரைகல்லை எடுத்தால் உடனே தடுத்துவிடுங்கள். ஒரே கீறல் போதும்.

கடைசியாக, பாதுகாப்பு. சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், துணியால் துடைக்கக்கூடாது. வந்த டப்பாவிலேயே, பில்லோடு, பீரோவில் பூட்டி வையுங்கள்.

அத்தைக்கு ஒரு கிராமில் லட்சுமி காசு ஒன்று தனியாக வாங்கிக் கொடுத்துவிட்டேன்.