நாம படிச்ச மிஷன் ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னா

கோவிலூர், எலத்தகிரி பக்கம் ஃபாதர்ஸ், சிஸ்டர்ஸ் நடத்துற ஸ்கூல்ல படிச்சுட்டு இப்ப ஓசூர், பெங்களூர்ல வேலை பாக்குறவங்களுக்கு உதவணும்னு மனசு இருக்கு, வழிதான் தெரியல. மொதல்ல ஒண்ணு, இந்த மாதிரி சிறுபான்மை ஸ்கூலுக்கு ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குற 25 சதவீத சீட்டு கிடையாது, 2014ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, அதனால சுயநிதி ஸ்கூல்ல அந்த வழியா அரசு ஃபீஸ் கட்டாது, நாமதான் பாக்கணும்.

பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல பணம் சேத்து ஏப்ரல்லயே ஹெச்எம்மப் பாருங்க, ஜூன்ல போனா அப்பா அம்மா ஏற்கனவே வட்டிக்கு வாங்கியிருப்பாங்க. யாருக்குன்னு டீச்சர்ஸ் சொல்லட்டும், சாதி மதம் பாக்காதீங்க. பணத்த ட்ரஸ்ட் அக்கவுண்டுக்கே போடுங்க, ட்ரஸ்டுக்கு 80ஜி (நன்கொடைக்கு வரிச்சலுகை தர்ற அனுமதி) இருந்தா ரசீது கேளுங்க, 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிச்சலுகை வராது.

மேடையில நிக்க வச்சு செக் குடுத்து போட்டோ எடுக்கறது தயவுசெஞ்சு வேணாம், அந்த வயசுல ரொம்ப வலிக்கும். ஒரு வருஷத்தோட நிறுத்தாம ப்ளஸ் டூ முடியற வரைக்கும் அதே பிள்ளைக்குக் கட்டுங்க.

எய்டட் ஸ்கூல்ல 6ல இருந்து 12 வரைக்கும் தமிழ் மீடியம் படிச்ச பொண்ணு காலேஜ் சேந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் உண்டு, அந்த ஃபார்ம ரொப்ப கூட உக்காந்து உதவுங்க.