மோக்கா பாத்திரத்தில் பால் காபி: கசப்பு எங்கிருந்து வருகிறது?

அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாத்திரம் 1933-இல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டியின் பட்டறையிலிருந்து வந்தது. கீழே நீர், நடுவில் காபித்தூள் நிரம்பிய சல்லடைக் கூடை, மேலே டிகாஷன் வந்து சேரும் கூஜா என்று அதற்கு மூன்றே பாகங்கள். நம் ஃபில்டரில் வெந்நீர் தூளின் வழியே தானாகக் கீழே சொட்டுகிறது. இதிலோ அடியில் சூடேறும் காற்றும் ஆவியும் நீரை நெட்டித் தள்ள, அது தூளைக் கடந்து மேலே ஏறுகிறது. ஃபில்டருக்குப் பழகிய கையோடு இதையும் கையாள்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

ஃபில்டரில் தூளைக் குடையால் மெல்ல அமுக்குவோம். இதில் அமுக்கவே கூடாது. கூடை நிறையத் தூளைப் போட்டு, விரலால் மேற்பரப்பைச் சமன் செய்தால் போதும். சிக்கரி கலந்த தூள் நீரின் ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால், சிக்கரி இல்லாத, மாவாக இல்லாமல் சற்றே நறநறப்பாக அரைத்த தூளை வாங்குவது நல்லது. நீர், அடிப்பாகத்தின் பக்கவாட்டில் உள்ள பாதுகாப்பு வால்வுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அடைப்பு ஏற்பட்டால் அழுத்தத்தை வெளியேற்றுவது அந்த வால்வுதான் என்பதால், அதை நீரில் மூழ்கடிப்பது ஆபத்தானது. நேரத்தை மிச்சப்படுத்த நீருக்குப் பதிலாகப் பாலையே கீழே ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பால் அடிபிடித்து வால்வை அடைத்துவிடும், எனவே ஒருபோதும் அப்படிச் செய்ய வேண்டாம்.

இவை அனைத்தையும்விடக் காபியைக் கெடுப்பது தீயின் அளவு. பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பெரிய தீயில் வைத்தால், நீர் கொதிநிலையை நெருங்கும்வரை தூள் வறண்ட சூட்டில் வாடிக் கருகல் வாடை பெறுகிறது. வெந்நீரையே ஊற்றி, அடிப்பாகத்தைத் துணியால் பிடித்து இறுக மூடி, சிம்மில் வைத்து, மேல்மூடியைத் திறந்தபடி பாருங்கள். முதலில் டிகாஷன் கருஞ்சிவப்பாக, ஓசையின்றி வழியும். பிறகு நிறம் வெளுத்து வைக்கோல் நிறமாகி, களகளவென்று குமிழிட்டுத் தெறிக்கத் தொடங்கும். அந்தத் தெறிப்பில் வருவது கசப்புதான். நிறம் வெளுக்கத் தொடங்கியதுமே இறக்கி, அடிப்பாகத்தை ஈரத்துணியால் சுற்றிவிடுவது என் வழக்கம். அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டுக் காபியில் சர்க்கரையே குறைந்துவிட்டது.

மூன்று கப் அளவுப் பாத்திரம் என்றால் மூன்று டம்ளர் என்று கணக்கிடக் கூடாது. அது இத்தாலியரின் சிறு கோப்பைக் கணக்கு. மொத்த டிகாஷனே 150 மில்லிக்குள்தான் கிடைக்கும். ஒரு பங்கு டிகாஷனுக்கு இரண்டு பங்கு பால் என்று கலந்தால் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். ஆள் குறைவு என்று கூடையைப் பாதி மட்டும் நிரப்பினால் நீர் விரைந்து ஓடிக் காபி சப்பென்று இருக்கும்; ஒருவருக்கு மட்டும் வேண்டுமானால் சிறிய பாத்திரம் வாங்குவதே வழி.

பாக்கெட் பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்க விடுவதால் காய்ச்சிய வாடை ஏறி, காபி மணத்தை மறைத்துவிடும். 60 முதல் 65 டிகிரிவரை, அதாவது ஓரத்தில் சிறு குமிழ் எழுந்து ஆவி பறக்கும் அளவுக்குச் சூடானதும் இறக்கி, டவராவில் இரண்டு முறை ஆற்றினால் நுரையும் கிடைக்கும். கறந்த பாலை மட்டும் முதலில் நன்றாகக் காய்ச்சியே ஆக வேண்டும்.

அலுமினியப் பாத்திரத்தைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கறுத்துவிடும். ஈரத்தோடு மூடியும் வைக்க வேண்டாம். பாகங்களைப் பிரித்து உலர்த்துங்கள். இணைப்பில் ஆவி கசிந்து டிகாஷன் மேலே ஏறாமல் நின்றால், தூளையும் தீயையும் குறை சொல்வதற்கு முன் ரப்பர் வாஷரை மாற்றிப் பாருங்கள்.