லத்தீன் குர்ஆன் பற்றிப் பேசுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

1143-இல் குர்ஆன் முழுவதுமாக லத்தீனுக்கு வந்தது. இந்த ஒரே தகவலை வைத்துக்கொண்டு இணையத்தில் இரண்டு தரப்பும் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். "சிலுவைப் போர் நடந்த காலத்திலேயே கிறிஸ்தவத் துறவிகள் குர்ஆனைப் படித்திருக்கிறார்கள், என்ன ஒரு பரந்த மனது" என்று ஒருவர் எழுதுவார். "தலைப்பிலேயே போலித் தீர்க்கதரிசி என்று போட்டவர்கள் எங்கே ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கப் போகிறார்கள்" என்று இன்னொருவர் கேட்பார். இருவரும் செய்வது ஒரே தவறுதான்: நோக்கத்தையும் வேலையின் தரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் சில்லறைத் தவறுகள் சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

1143-ஐ "குர்ஆனின் முதல் மொழிபெயர்ப்பு" என்று எழுதாதீர்கள். லத்தீனில் வந்த முதல் முழு மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். 9-ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியத்தில் (கிழக்கு ரோமப் பேரரசில்) நிகேதாஸ் என்பவர் குர்ஆனை மறுத்து எழுதியபோது கிரேக்க மொழிபெயர்ப்பு ஒன்றிலிருந்துதான் வசனங்களை எடுத்துப் போட்டார். அதோடு, கிறிஸ்தவர்கள் என்றாலே மேற்கு ஐரோப்பியர்கள் என்று நினைத்துக்கொள்வதும் சரியில்லை. பாக்தாத்தில் அரபியும் சிரியாக்கும் பேசிய கிறிஸ்தவர்களுக்குக் குர்ஆன் ஒன்றும் தூரத்து நூல் அல்ல. 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திமோத்தேயு என்ற திருச்சபைத் தலைவர் கலீஃபா அல்-மஹ்தியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து விவாதித்திருக்கிறார்.

அடுத்தது ஸ்பெயினின் டொலேடோ நகரம். கிறிஸ்தவ அரசன் ஆறாம் அல்ஃபோன்சோ 1085-இல் அந்த ஊரை முஸ்லிம்களிடமிருந்து பிடித்தான், அதன் பிறகு அங்கே அரபு நூல்கள் லத்தீனுக்கு வந்து குவிந்தன, உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வானியல், கணிதம், மருத்துவம், தத்துவம். தாலமியின் வானியல் நூலான அல்மஜெஸ்ட்டை 1175-இல் லத்தீனுக்குக் கொண்டுவந்த கிரிமோனாவின் ஜெரார்டு போன்றவர்களுக்கு இஸ்லாத்தோடு வாதம் செய்யும் எண்ணமெல்லாம் இல்லை, அவர்களுக்கு வேண்டியது அந்த நூல்களில் இருந்த அறிவு. 1143 குர்ஆனை இந்த "டொலேடோ பள்ளி"யின் கணக்கில் எழுதுவது தவறு. பிரான்சின் க்ளூனி மடத்தின் தலைவர் பீட்டர் 1142-இல் ஸ்பெயினுக்குப் போனார். எப்ரோ ஆற்றுப் பக்கம் வானியல் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை, ஒருவர் இங்கிலாந்துக்காரர் ராபர்ட், இன்னொருவர் கரிந்தியாவின் ஹெர்மன், கெஞ்சியும் காசு கொடுத்தும் இந்த வேலைக்கு இழுத்தார். பீட்டரே இதை எழுதி வைத்திருக்கிறார். குர்ஆனை மொழிபெயர்த்த ராபர்ட்டும் தன் சொந்தப் படிப்பை ஓரம்கட்டிவிட்டுத்தான் இதைச் செய்ததாகச் சொல்கிறார். அதாவது குர்ஆனைப் படிக்க வேண்டும் என்று தவம் கிடந்த ஆள் அல்ல, கூலிக்கு வந்த வானியல்காரர். (இன்னொன்று: 1145-இல் அல்-குவாரிஸ்மியின் இயற்கணிதத்தை மொழிபெயர்த்த செஸ்டரின் ராபர்ட்டும் கெட்டனின் ராபர்ட்டாகிய இவரும் ஒரே ஆள் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இன்றைய ஆய்வாளர்கள் பலர் இருவரும் வேறு வேறு என்கிறார்கள்.)

சரி, பீட்டரின் நோக்கம் என்ன? இங்கேதான் மேற்கோள் ஆபத்து. "ஆயுதத்தால் அல்ல, சொற்களால், பலத்தால் அல்ல, அறிவால், வெறுப்பால் அல்ல, அன்பால்" என்ற பொருளில் அவர் முஸ்லிம்களை நோக்கி எழுதிய வரிகள் எல்லோருக்கும் பிடிக்கும், உடனே வெட்டி ஒட்டிவிடுவார்கள். ஆனால் அதே பீட்டர் இஸ்லாத்தை எல்லாத் திரிபுக் கொள்கைகளின் சாக்கடை என்ற தோரணையில் திட்டியவர், இரண்டாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட பிரெஞ்சு மன்னனை வாழ்த்தியவர், யூதர்களைப் பற்றி இன்னும் மோசமாக எழுதியவர். அந்த வரிகள் உள்ள, முஸ்லிம்களிடம் பேசுவதாகச் சொல்லும் மறுப்பு நூலை அவர் லத்தீனில் எழுதினார், அதை எந்த முஸ்லிம் படித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அந்த வரிகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் மற்றதையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

இப்போது பெரிய தவறு. நோக்கம் பகைமை என்றால் மொழிபெயர்ப்பும் மோசடி என்று முடிவு கட்டுவது. ராபர்ட்டின் மொழிபெயர்ப்பில் குறைகள் ஏராளம், அதை யாரும் மறுக்கவில்லை. நீண்ட சூராக்களை உடைத்துவிட்டதால் அவருடைய குர்ஆனில் மூலத்தின் 114-க்கு மேல் அத்தியாயங்கள் வரும். ஏழு வசனங்கள் கொண்ட அல்-ஃபாத்திஹாவை எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் கையில் அது நீண்ட, அலங்காரமான லத்தீன் வாக்கியமாகிவிட்டது. வசன எல்லை போச்சு, திரும்பத் திரும்ப வரும் சொல்லின் தாளம் போச்சு. ஆனால் வணங்குவதும், உதவி கேட்பதும், வழிதவறியவர்களின் பாதை வேண்டாம் என்பதும், சாராம்சம் என்று பார்த்தால் உள்ளேதான் இருக்கிறது. இன்னும் முக்கியமானது, கடினமான இடங்களில் அவர் தன் கற்பனைக்கு எழுதவில்லை. முஸ்லிம் அறிஞர்களின் தஃப்சீர்களில் (குர்ஆன் விளக்கவுரைகளில்) உள்ள விளக்கத்தை மொழிபெயர்ப்புக்குள்ளேயே கலந்துவிடுகிறார் என்பதை ஆய்வாளர்கள் இடம் இடமாக ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிடிக்காத நூலை இவ்வளவு மெனக்கெட்டுப் படித்திருக்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பு.

எதிர்ப்பக்கமும் ஒன்று பாருங்கள். 1210 வாக்கில் டொலேடோவின் மார்க் என்ற பாதிரியார் இன்னொரு லத்தீன் மொழிபெயர்ப்பு செய்தார், இது சொல்லுக்குச் சொல் ஒட்டிப் போவது. உடனே "ஆக இவர் நேர்மையானவர், இஸ்லாத்தின் மேல் மரியாதை உள்ளவர்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. இவரிடம் இந்த வேலையைக் கேட்டு வாங்கியவர் பேராயர் ரோத்ரிகோ, 1212-இல் முஸ்லிம் படைகளை முறியடித்த லாஸ் நவாஸ் போருக்கு ஆள் திரட்டியவர். மார்க்கின் முன்னுரையிலும் வசைக்குப் பஞ்சமில்லை. மூலத்தை ஒட்டிச் செய்வது ஒரு முறை, நட்பு வேறு சங்கதி. இத்தனைக்கும் ஐரோப்பாவில் பரவியது மார்க்கின் மொழிபெயர்ப்பு அல்ல, படிக்க லத்தீன் போலவே ஓடிய ராபர்ட்டுடையதுதான். அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் இன்றும் இருக்கின்றன.

கூட வேலை செய்தவர்களை விட்டுவிடுவதும் வழக்கமான பிழை. பீட்டரின் குழுவில் முகமது என்ற முஸ்லிம் ஒருவர் இருந்தார், பெயருக்கு மேல் அவரைப் பற்றி எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. மயோர்கா தீவின் கிறிஸ்தவ அறிஞர் ரமோன் லுல் ஒன்பது ஆண்டுகள் அரபி கற்றது தான் விலைக்கு வாங்கிய முஸ்லிம் அடிமையிடம். அந்த உறவு கத்திக்குத்திலும், சிறையில் அந்த அடிமை தூக்கில் தொங்கியதிலும் முடிந்தது. அதை "பன்மதக் கல்வி" என்று அழகாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1455-இல் ஸ்பானிய இறையியலாளர் ஹுவான் தே செகோவியா வேறு மாதிரி செய்தார்: ராபர்ட்டின் மொழிபெயர்ப்பில் திருப்தி இல்லாமல், ஈசா என்ற முஸ்லிம் சட்ட அறிஞரை ஸ்பெயினிலிருந்து ஆல்ப்ஸ் மலைப்பக்கம் இருந்த தன் மடத்துக்கு வரவழைத்தார். ஈசா காஸ்தியன் (ஸ்பானிய) மொழியில் பெயர்க்க, அதிலிருந்து ஹுவான் லத்தீனுக்குக் கொண்டுபோனார். மும்மொழிக் குர்ஆன்! முன்னுரையும் சில துணுக்குகளும் தவிர எல்லாம் தொலைந்துவிட்டது.

பிரான்சின் வியன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் ஆணையையும் கவனமாகக் கையாளுங்கள். பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, பொலோன்யா, சலமாங்கா ஆகிய இடங்களில் அரபி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று 1312-இல் ஆணை போட்டார்கள். ஆணைதான் போட்டார்கள், நடைமுறைக்கு வந்தது சொற்பம்.

கடைசியாக, அச்சு. 1543-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிப்லியாண்டர் என்ற இறையியலாளர் பதிப்பித்த லத்தீன் குர்ஆனைப் புது மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது 400 ஆண்டு பழைய ராபர்ட்டின் மொழிபெயர்ப்புதான். அச்சிட்ட ஒப்போரினஸை நகர மன்றம் சிறையில் போட்டது, மார்ட்டின் லூதர் கடிதம் எழுதி ஆதரித்தார். 1547-இல் வெனிஸில் வந்த இத்தாலியக் குர்ஆனின் முகப்பில் "அரபியிலிருந்து" என்று போட்டிருக்கும், அதுவும் பொய், பாசெல் லத்தீனிலிருந்து எடுத்தது. அந்த இத்தாலியனிலிருந்து 1616-இல் ஜெர்மன், அந்த ஜெர்மனிலிருந்து 1641-இல் டச்சு. ஆக 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் ஒருவர் "குர்ஆன் படித்தேன்" என்று எழுதியிருந்தால், எந்த மொழியில், எந்தப் பதிப்பில் என்று பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.