சபையின் ஆண்டுச் செலவைக் குடும்பங்கள் பகிர்ந்து ஏற்கும் முறை

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் பொருளாளராக நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், 9,60,000 ரூபாய்ச் செலவை 160 குடும்பங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் செலுத்தும் சந்தா) என்று அறிவித்தேன். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் சில, பாக்கி நிற்கிறதே என்ற கூச்சத்தில் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டன. அந்தத் தவற்றைத் திருத்திய முறையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: திருமண்டலத்துக்கு (பேராயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரத்துக்கு) செலுத்தும் பங்கு, சபை ஊழியர் ஊதியம், மின்கட்டணம், ஆலயப் பழுது, ஏழைகள் உதவி ஆகியவற்றை மாதவாரியாக எழுதுங்கள்.

படி 2: அறுப்பின் பண்டிகை (அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா), ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை) ஆகியவற்றின் மூன்றாண்டு வரவுகளில் மிகக் குறைந்ததை மட்டும் மொத்தச் செலவிலிருந்து கழியுங்கள். சராசரியைக் கழித்தால், மழை பொய்த்த ஆண்டில் ஊழியரின் ஊதியம்தான் நிலுவையாகும்.

படி 3: மீதித் தொகையைக் குடும்பங்களுக்குப் பங்கிடாதீர்கள். அதை மொத்தமாகவே சபையில் வாசித்துவிட்டு, தாங்கள் கொடுக்கப்போவதை எழுதித் தர வீட்டுக்கு ஒரு வாக்குறுதி அட்டை கொடுங்கள். ஒருவரிடம் உள்ளதற்கேற்பவே காணிக்கை ஏற்கப்படும், இல்லாததற்கேற்ப அல்ல என்று பவுல் எழுதியதை (2 கொரிந்தியர் 8:12) அட்டையின் தலைப்பில் அச்சிட்டோம். வாரக்கூலி பெறுபவர் வாரந்தோறும், மாதச் சம்பளக்காரர் மாதந்தோறும், விவசாயி அறுவடைக்குப்பின் ஒரே தடவையாகக் கொடுக்க அட்டையில் தனித்தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும். சமைக்கும்போது எடுத்துவைக்கும் பிடி அரிசியாகத் தருபவருக்கும் ஒரு கட்டம் வேண்டும். அட்டையிலும் காணிக்கை உறையிலும் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். அந்த எண் யாருடையது என்பது பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். எவர் எவ்வளவு கொடுத்தார் என்று பெயர் வாசிக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். அது வசதியுள்ளவரைப் பெருமைக்கும் இல்லாதவரை ஒளிந்துகொள்வதற்கும் பழக்குகிறது.

படி 4: வாக்குறுதிகளின் கூட்டுத்தொகை அந்த மீதித் தொகையைவிடக் குறைந்தால், இரண்டு செல்வந்தரைத் தனியே அணுகி ஈடுகட்டாமல், எந்தச் செலவைக் குறைக்கலாம், எதற்கு இன்னும் கொடுக்கலாம் என்று சபையாரையே கேளுங்கள். செலவு தங்களுடையது என்ற உணர்வு அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் மக்களுக்கு வந்தது.

படி 5: மாதந்தோறும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்குக்குக் கணினி விரிதாள் போதும். ஆனால் காணிக்கை வாங்கும் இடத்தில் கார்பன் நகலுள்ள ரசீதுப் புத்தகத்தையே நான் விரும்புகிறேன், ஏனெனில் முதியவர்கள் கையில் தாள் இருந்தால்தான் நம்புகிறார்கள்.

பின்சேர்க்கை: வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை வாங்கலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி சபை முன்னதாகவே பதிவோ அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். ஆகவே அட்டையில் குடியுரிமைக்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.